14416 போன் சேவையும் அரசு மனநல ஓ.பி.யும்: எங்கள் கடற்கரைப் பையன்களுக்கு ஒத்துவருமா?

முதலிலேயே மார்க்கைப் போட்டுவிடுகிறேன். 14416 என்ற அரசு மனநல போன் சேவைக்கு ஐந்துக்கு நாலரை. ஆஸ்பத்திரியில் மனநல டாக்டருக்கு முழுசாக ஐந்து. டாக்டர் அறைக்கு வெளியே நடப்பதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை, அதுவும் தாராளம்.

இது எல்லாருக்குமான விமர்சனம் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவன், வீட்டில் அப்பா இல்லாதவன், ஒரு தடவை கஞ்சா விஷயத்தில் பெயர் அடிபட்டு அதற்கப்புறம் கிளப் ஃபுட்பால் டீமில்கூட யாரும் கூப்பிடாதவன், இப்படி ஊர் ஓரங்கட்டிவிட்ட பையனையோ பெண்ணையோ வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிற அக்கா, அண்ணன், மாமன்மாருக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அது அக்கா மகன். 2017 நவம்பர் கடைசியில் எங்கள் குமரிக் கடற்கரையில் ஒக்கி புயல் அடித்தபோது அவன் ஆரம்பப் பள்ளியில் இருந்தான், கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அந்த டிசம்பரில் கவுன்சலிங் என்று சிலர் வந்தார்கள், பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆளைக் காணோம். பையன் நல்லாத்தான் இருக்கிறான் என்று நாங்களும் நம்பினோம், அவனும் பாலிடெக்னிக் வரை போய்விட்டான். அங்கேதான் தூக்கம் கெட்டது, சாப்பாடு குறைந்தது, பகல் முழுக்கக் கதவு சாத்தியே கிடந்தது. ஊர்க்காரர்கள் 'சோம்பேறி' என்றார்கள். அக்கா வேண்டாத கோயில் இல்லை.

முதலில் போனது டவுனில் ஒரு தனியார் கவுன்சலிங் சென்டருக்கு. ஏசி அறை, மீன்தொட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய். உட்கார்ந்ததும் அவனிடம் 'உன் கோல் என்ன?' என்று கேட்டார்கள். வாயைத் திறக்கவே பிடிக்காத பையனிடம் கேட்கிற கேள்வியா அது? அந்தக் கதை அதோடு முடிந்தது.

அப்புறம்தான் 14416. இது மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். முதலில் ஒரு ஆலோசகர் பேசுவார், அவருக்கு மேல் தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார்கள், நேரில் பார்க்க வேண்டியிருந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வார்கள். இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது ஒன்றுதான், பேசுவதை யாரும் பார்க்க முடியாது. எங்கள் ஊர்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கை நுழையும் இடம்தான் இருக்கும், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'என்ன மக்கா, சளியா?' என்பார்கள். ராத்திரி அவன் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கல்மேல் போய் உட்கார்ந்து போன் போட்டான், நான் தள்ளி நின்றேன். பெயர் சொல்ல மாட்டேன் என்றான், அவர்கள் வற்புறுத்தவில்லை. எங்கள் பேச்சு வேகம் தெரியும்தானே, போனில் பேசிய பெண் இரண்டு மூன்று இடத்தில் 'மெதுவா சொல்லுங்க தம்பி' என்று கேட்டிருக்கிறார். மெதுவாகச் சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு அழுகை வந்திருக்கிறது.

ஐந்தில் பாக்கி அரையை ஏன் குறைத்தேன் என்றால், போன் சேவை என்பதே சொந்த போன், ரீசார்ஜ், தனியாகப் பேச ஒரு இடம், மூன்றும் உள்ளவர்களுக்குத்தான். பையன்களுக்குக் கடற்கரை இருக்கிறது. படிப்பை நிறுத்தி வீட்டிலேயே இருத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எங்கே போய்ப் பேசுவார்கள்? வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மா கையில்தான் இருக்கும். இதற்கு 14416-ஐக் குறை சொல்லி என்ன செய்ய, வீட்டுக்காரர்கள்தான் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும்.

டாக்டரைப் பாருங்கள் என்று அவர்கள் சொன்னதும் அடுத்த தடை. மீன்பிடிப் போட்டில் வேலைக்குப் போக நினைத்திருந்தவன், 'மாமா, ஊருல தெரிஞ்சா போட்டுல ஏத்த மாட்டாவ' என்றான். அவன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நடுக்கடலில் வாரக்கணக்கில் கிடக்கிற வேலைக்கு 'மண்டைக்கு மாத்திரை தின்னுகிறவன்' என்று பெயர் வாங்கினவனை யார் கூட்டிப்போவார்? அதனால் பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தள்ளியிருந்த ஒன்றுக்குப் போனோம், எது என்று எழுதப்போவதில்லை. சீட்டுப் போடும் இடத்தில் இருந்தவர் 'பைத்தியத்துக்கு ஓ.பி. அந்தப் பக்கம்' என்று வரிசை முழுக்கக் கேட்க சத்தம் போட்டார். பையன் அப்படியே திரும்பி நடந்துவிட்டான். கேட் வரை ஓடிப்போய் டீ வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிவந்தேன். துணைக்கு ஆள் இல்லாமல் வந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பான்.

டாக்டர் வேறு ரகம். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். 'நீ சோம்பேறி இல்ல, இது மனச்சோர்வு, சரியாகும்' என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாராம். மாத்திரை இலவசம். வேலை செய்யச் சில வாரம் ஆகும், நல்லா இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி, ஏனென்றால் முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை, அக்கா மாத்திரையைத் தூக்கிப் போடப் பார்த்தாள்.

யாராவது தற்கொலைக்கு முயன்றால், போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் சில வீடுகளில் விஷயத்தையே மறைக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சீட்டுப் போடுகிறவருக்கு இதை யாராவது அச்சடித்துக் கொடுத்தால் தேவலை.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆனால் தூத்தூர் பக்கத்திலிருந்து மார்த்தாண்டம் போய் பஸ் மாறி நாகர்கோவில் போவதற்குள் பாதி நாள் போய்விடும், ஒரு நாள் கூலியும் போய்விடும். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது கடற்கரைப் பக்கம் ஓ.பி. வைத்தால் நான் மார்க்கைக் கூட்டிப் போடுவேன்.

ஆழ்கடலுக்குப் போகிறவனாக இருந்தால் அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் ஓட்டம், எப்போது கரை, எல்லாம். கடலில் போனும் எடுக்காது, மாத்திரையும் கிடைக்காது. நாங்கள் சொன்னதால் தேதி பார்த்து, கரைக்கு வரும்வரைக்கான மாத்திரையை மொத்தமாக எழுதிக் கொடுத்தார். அவன் அதை ஒரு பழைய விட்டமின் டப்பாவில் போட்டுக்கொண்டு போகிறான், போட்டில் யாரும் கேட்டதில்லை.