கிண்டியில் வாடிக்கையாளருடன் மதியச் சாப்பாடு: சுவைக்குக் குறைவில்லை, பேசத்தான் இடமில்லை

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் புதிதாகப் பட்டறை தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், வாடிக்கையாளர்கள் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே அழைத்துச் செல்கிறீர்கள் என்று சென்ற வாரம் கேட்டார். பல ஆண்டுகளாக நான் நம்பிப் போய்வந்த சைவ உணவகத்தின் பெயரை முன்பென்றால் உடனே சொல்லியிருப்பேன். இப்போது அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பக்கத்து ஆலைகளின் பர்ச்சேஸ் மேனேஜர்களும் தரப் பரிசோதகர்களும்தான். காலையில் வந்து உருப்படிகளை அளந்து பார்த்து முடிக்கும்போது ஒரு மணி ஆகிவிடும்; கத்திப்பாரா நெரிசலில் காரை இறக்கினால் சாப்பிடும் நேரம் சாலையிலேயே போய்விடும் என்பதால், நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம் வேண்டும். சைவ உணவகம் என்றால் புரட்டாசி, அமாவாசை, வெள்ளிக்கிழமை என்று எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. சமண சமயத்தவரிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வெங்காயமும் பூண்டும் கிழங்குகளும் இல்லாத சாப்பாட்டை எந்தச் சமையற்கட்டும் கடைசி நிமிடத்தில் ஆக்கித் தர முடியாது.

அந்த உணவகத்தின் சமையலில் நான் இன்றுவரை குறை கண்டதில்லை. வத்தக்குழம்பில் புளி தூக்கலாக இருக்காது, ரசம் கடைசிப் பந்தி வரை தெளிவாகவும் சூடாகவும் இருக்கும், பொரியலில் தேங்காயைக் கொட்டிக் காயை மறைக்க மாட்டார்கள். சாப்பாட்டைவிடவும் என்னைக் கவர்ந்தவர் அங்கே ஏசி ஹாலில் நெடுங்காலமாக இருக்கும் மூத்த சப்ளையர் ஒருவர். மேசையில் டிராயிங் விரிந்திருப்பதைக் கண்டால் வாளியுடன் இரண்டடி தள்ளியே நின்றுகொள்வார், நாம் நிமிர்ந்து பார்த்த பிறகுதான், "ரசம் கொண்டு வரலாமா சார்?" என்று கேட்பார். அளவில்லாச் சாப்பாடு பரிமாறும் இடங்களில் சாம்பாரா, கூட்டா, அப்பளமா என்று நிமிடத்துக்கொருவர் வந்து பேச்சை அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவத்தின் அருமை தெரியும்.

எல்லாம் கடையைப் புதுப்பித்ததிலிருந்து மாறிவிட்டது. மேசைகளுக்கு இடையே இருந்த மரத் தடுப்புகளை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் இருக்கைகளைப் போட்டிருக்கிறார்கள். மேசை கிரானைட், சுவர் முழுக்க டைல்ஸ். எவர்சில்வர் டம்ளரை வைக்கும் ஓசைகூட ஹால் முழுவதும் எதிரொலிக்கிறது. ஒரு மணிக்கு மேல் எதிரில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் உரக்கத்தான் பேச வேண்டும். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டை உரக்கச் சொல்ல முடியுமா? பக்கத்து மேசையில் இருப்பவர் இதே தொழிற்பேட்டையில் இதே வேலையைச் செய்பவராக இருக்கும்போது, ஐம்பது பைசா குறைப்பதா கூடாதா என்ற பேச்சை அங்கே நடத்தவே முடியாது. போதாததற்கு, இடத்துக்குக் காத்திருப்பவர்கள் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். விருந்தினர் மோருக்கு வந்திருப்பார். பின்னால் நிற்பவர் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். இதை நிர்வாகம் தடுப்பதில்லை. காத்திருப்பவர்களை வாசலிலேயே உட்காரவைத்து டோக்கன் கொடுங்கள் என்று மேலாளரிடம் பல முறை சொல்லிவிட்டேன். பார்க்கிறோம் என்பதோடு சரி.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காய்கறியும் கேஸும் ஆட்கூலியும் ஏறியிருக்கும் நிலையில், இந்த விலைக்குச் சாப்பாடு போட வேண்டுமென்றால் ஒரே மேசை பல பந்திகள் ஓட வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்குக்காக விருந்தினரின் முதுகுக்குப் பின்னால் ஆளை நிற்கவைப்பது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது.

மாற்று இடங்களையும் பார்த்தேன். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் நட்சத்திர விடுதிகளின் உணவகங்களில் ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்ற உணவகங்களில் 5 சதவீதம்தான். சாப்பாட்டுச் செலவுக்கு உள்ளீட்டு வரி வரவும் எடுக்க முடியாது, அதாவது அங்கே கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அந்த வித்தியாசம் முழுவதும் நம் கைக்காசு. அதோடு, பெரிய நிறுவன அதிகாரிகளில் பலர் அத்தகைய உபசரிப்பை ஏற்கத் தயங்குகிறார்கள். இன்னோர் உணவகத்தில் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகவே சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கேட்டால் எடுத்துவிடுகிறார்கள், ஆனால் விருந்தினர் முன்னால் பில்லைப் பற்றி வாதாடுவது அழகல்ல.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. சாம்பார் நீர்த்திருக்கும், சப்பாத்தி ஆறித்தான் வரும், பாயசத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதவு வைத்த கேபின்கள் உண்டு, தொலைபேசியில் சொன்னால் எடுத்துவைப்பார்கள், ஒரு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். என் நண்பருக்கு அந்த இடத்தைத்தான் சொன்னேன். பழைய உணவகத்தில் சாப்பாடு இதைவிடப் பத்து மடங்கு மேல். ஆனாலும், மரத் தடுப்புகள் திரும்ப வரும் வரை, விலை பேச வேண்டிய எவரையும் நான் அங்கே அழைத்துப் போகப் போவதில்லை.

போகிறவர்கள் கேபினை முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், முன்பணத்தையும் கல்லாவில் கட்டிவிடுங்கள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம் என்பதால், அதைப் பார்க்கும் முதலாளிகளிடம் சாப்பாட்டின்போது வேறு விஷயங்களைப் பேசிவிட்டு, விலைப் பேச்சைக் காபிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. அங்கே காபி மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.