சிறுநீர்க் கசிவும் கீழே விழுதலும்: முதிய பெண்களுக்கு எந்தப் பயிற்சி முதலில்?

முதிய பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு ஒரு சிகிச்சை, கீழே விழுவதற்கு வேறொரு சிகிச்சை என்று பிரித்துப் பார்ப்பதே வழக்கம். ஆனால், அடக்க முடியாத உந்துதலால் இரவில் விழித்து, அரைத்தூக்கத்தில் கழிப்பறைக்கு விரையும் பெண்ணுக்கு இவை ஒரே ஆபத்தின் இரு பக்கங்கள். ஆகவே எந்தப் பயிற்சி என்பதற்கு முன், எந்த வகைக் கசிவு என்று கேட்க வேண்டும்.

இருமும்போதும் தும்மும்போதும் கசிந்தால், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியே முதல் தெரிவு. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட இப்பயிற்சியை, தடவைக்கு 8 இறுக்கங்களாவது, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம் செய்யுமாறு பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. தசையை மேல்நோக்கி இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குவதும், மூச்சை அடக்குவதும் பலரிடம் காணப்படும் பிழைகள். அதனால், அச்சிட்ட கையேட்டைவிட, தசை சரியாக இயங்குகிறதா என்று பார்த்துத் திருத்தும் இயன்முறை மருத்துவரையே நான் நம்புவேன்.

உந்துதலோடு வரும் கசிவுக்கு, கழிப்பறைக்குச் செல்லும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் சிறுநீர்ப்பைப் பயிற்சி பொருந்தும். அதற்கு 6 வாரமாவது தேவை. உந்துதல் எழுந்ததும் ஓடாமல் அமர்ந்து, இடுப்புத்தளத் தசையைச் சில முறை விரைவாக இறுக்கி, அது தணிந்தபின் நடக்கக் கற்பதே இதன் உயிர்நாடி. கசிவு வகைகளில் விழுதலோடு கூடுதல் தொடர்புடையது இதுவே என்பதால், இந்தப் பழக்கத்துக்கு இரட்டை மதிப்பு உண்டு.

எனினும், இவற்றில் எதுவும் கால்களுக்கு வலுவூட்டாது. அதற்கு, நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ முறையைப் போல, வாரம் 3 முறை கால் தசையையும் சமநிலையையும் பழக்க வேண்டும். உடற்பயிற்சி விழுதல்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 சதவீதம் குறைப்பதாக பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டு 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. வெறும் நடைப்பயிற்சிக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை.

அறிவுரை மட்டும் தருவதை இவற்றுக்கு ஈடாக வைக்க முடியாது. ஆனாலும், கசிவுக்கு அஞ்சித் தண்ணீரையே தவிர்க்கும் பெண்ணுக்கு, அதனால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் வரலாம் என்று யாராவது பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும். இரவுக் கசிவும் தள்ளாட்டமும் சேர்ந்திருப்பவருக்கு, சமநிலைப் பயிற்சியையும் சிறுநீர்ப்பைப் பயிற்சியையும் ஒரே வாரத்தில் தொடங்கிவைப்பதே என் தெரிவு.