தூக்கமின்மைக்கு நேரிலும் ஆன்லைனிலும் சிகிச்சை: என் அனுபவம்

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோதும் இராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட முழித்துக் கிடப்பேன். டாக்டர் தூக்க மாத்திரையைக் கூட்டாமல், தூக்கமின்மைக்கென்றே உள்ள 'சிபிடி-ஐ' (CBT-I) என்ற சிகிச்சைக்கு அனுப்பினார். தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை அது. 2024 மே முதல் அக்டோபர் வரை கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனேன். பிறகு ஆன்லைனில்.

இரண்டு வாரம் தூக்கக் கணக்கு எழுதச் சொன்னார்கள். நோட்டைப் பார்த்தால், 9 மணி நேரம் படுக்கையில் கிடந்து 5 மணி நேரம்தான் தூங்கியிருக்கிறேன். அதனால் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள்: இரவு 12.30-க்கு முன் படுக்கக் கூடாது, காலை 6 மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கினால்தான் அந்த நேரத்தில் 15 நிமிடம் கூட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் கொடுமை. வண்டி ஓட்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "கண்ணு சொக்குதே, போய்ப் படேன்டா" என்று அம்மா கெஞ்சுவார். நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் விழித்துப் பார்த்தால் மணி ஐந்து. அழுதுவிட்டேன்.

இந்தத் தூக்கப் பயிற்சிக்கு ஆன்லைனே போதும். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் சரி. சொல்லப்போனால் வீடியோவில் என் அறையைப் பார்த்துத்தான், தலைமாட்டில் இருந்த கடிகாரத்தை எடுக்கச் சொன்னார் சிகிச்சையாளர்.

மனச்சோர்வு விஷயம் வேறு. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சமயம், கரன்ட் இல்லாமல் இரண்டு அமர்வுகள் விட்டுப்போயின. பகலிலும் படுத்தே கிடக்கும் பழைய பழக்கம் திரும்பியது. அடுத்த வீடியோ அழைப்பில் "நல்லா இருக்கேன்" என்றேன். திரையில் முகம் மட்டும்தானே தெரிகிறது. டிசம்பர் கடைசியில் நேரில் போனபோது, உள்ளே நுழைந்ததுமே "எத்தனை நாளா குளிக்கல?" என்று மெதுவாகக் கேட்டார். அங்கேதான் உண்மையைச் சொன்னேன்.

குளித்து, சட்டை மாற்றி, வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதே எனக்குப் பாதி வைத்தியமாக இருந்திருக்கிறது. வீட்டிலேயே அமர்வு என்றானதும் அது போய்விட்டது.

இப்போது தூக்கத்துக்கு ஆன்லைன், மாதம் ஒருமுறை நேரில். நடுராத்திரியில் மனம் தாங்காதபோது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைப்பேன். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வரும் சனிக்கிழமை மறுபடி புதுச்சேரி. எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.