சாலைக்குக் கீழே சரியும் மனை: குடும்ப வீட்டுக்கு நான்கு தள அமைப்புகள்

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் வழக்கமாக அறைகளின் வரைபடத்தோடுதான் பொறியாளரிடம் போகிறார்கள். சமநிலத்தில் அது சரி. சரிவில் முதலில் வரைய வேண்டியது மனையின் குறுக்குவெட்டு. எந்தத் தளம் சாலையோடு சமமாக நிற்கிறது, மண் எவ்வளவு வெட்டப்படுகிறது, வீட்டின் மூத்தவர் எத்தனை படி இறங்கிப் படுக்கைக்குப் போகிறார் என்ற மூன்றும் அதில்தான் தெரியும்.

ஒப்பிட வசதியாக ஒரே மனையை எடுத்துக்கொள்வோம். சாலை மேலே இருக்கிறது. மனை நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம், ஏறத்தாழ 14 பாகையில் கீழ்நோக்கிச் சரிகிறது. சாலையிலிருந்து 3 மீட்டர் விட்டு, பள்ளத்தாக்கை நோக்கி 9 மீட்டர் ஆழமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட, ஒரு தளத்துக்குச் சுமார் 870 சதுர அடி வரும் வீடு. அப்படியானால் சாலைப்பக்கச் சுவருக்கு அடியில் நிலம் சாலைமட்டத்தை விட முக்கால் மீட்டரும், பள்ளத்தாக்குப் பக்கச் சுவருக்கு அடியில் சரியாக 3 மீட்டரும் தாழ்ந்திருக்கும். குடியிருப்பவர்கள் தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

பலரும் முதலில் கேட்பது மண்ணை வெட்டிச் சமன்செய்து ஒரே தளமாகக் கட்டும் வீட்டைத்தான். வீட்டின் நடுமட்டத்தில் தரையை வைத்தால் பின்னால், அதாவது சாலைப்பக்கம், 1.1 மீட்டருக்குச் சற்று மேல் வெட்டி, அந்த மண்ணை முன்னால், அதாவது பள்ளத்தாக்குப் பக்கம், அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். செலவு குறைவு போலத் தோன்றும். ஆனால் வெட்டிய பாதி கெட்டித்தரை, நிரப்பிய பாதி புதுமண். அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்தாவிட்டால் இரண்டு மழைக்காலத்துக்குள் இவ்விரண்டும் சேரும் கோட்டில், பெரும்பாலும் ஹாலின் நடுவே, டைல்ஸ் விரிசல் விடும். படியில்லாத வீடு என்ற வாதமும் பாதிதான் உண்மை, ஏனெனில் அந்தத் தரை சாலையை விட 1.9 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது. வீட்டுக்குள் படி இல்லை, ஆனால் வெளியே பாசி படியும் பன்னிரண்டு பதின்மூன்று படிகள் இருக்கும். சாலைமட்டம் வரை மண்ணை நிரப்பிவிடலாம் என்றால், முன்னால் 3 மீட்டர் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். மண்ணின் தள்ளுவிசை சுவர் உயரத்தின் இருமடியாகக் கூடுவதால், அந்தச் சுவருக்கே வீட்டுச் செலவில் பெரும்பங்கு போய்விடும்.

மண்ணின் குணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் ஆழமான சிவந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீர் ஏறியதும் பிடிப்பு போய்விடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொக்லைன் இறக்க இங்கே அனுமதி கேட்கப்படுவதற்கு அதுவே போதிய காரணம்.

இரண்டாவது வகை, நிலத்தின் போக்கிலேயே மூன்று தட்டுகளாக இறங்கும் வீடு. 3 மீட்டர் ஆழமுள்ள ஒவ்வொரு தட்டும் முந்தையதை விட முக்கால் மீட்டர் தாழ்வு. இடையில் 15 செ.மீ. உயரப் படிகள் ஐந்து. மண்ணை ஏறக்குறைய வெட்டவே வேண்டாம். நிலத்துக்கு இதைவிட மரியாதையான அமைப்பு வேறில்லை, பார்வைக்கும் இதுவே அழகு. குடும்பத்துக்கு மட்டும் பொருந்தாது. சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு ஐந்து படி, அங்கிருந்து படுக்கையறைக்கு ஐந்து படி என்பது முப்பது வயதில் கவிதையாகவும் எழுபதில் தண்டனையாகவும் இருக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடலாமே என்பார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் முக்கால் மீட்டர் உயரத்தை ஏற 9 மீட்டர் நீளம் வேண்டும். ஒரே ஒரு தட்டு ஏறுவதற்கே அது வீட்டின் முழு ஆழத்தையும் தின்றுவிடும்.

மூன்றாவது, தூண்களின் மேல் சாலைமட்டத்தில் நிற்கும் ஒரே தளம். படி இல்லை, தடுப்புச் சுவர் இல்லை, ஓதமும் ஏறாது. குறை தூண்களில் இருக்கிறது. பின்வரிசைத் தூண் முக்கால் மீட்டர், முன்வரிசைத் தூண் 3 மீட்டர். தூணின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பதால், குறுக்களவு ஒன்றாக இருந்தால் குட்டைத் தூண் நெட்டைத் தூணைப் போல 64 மடங்கு விறைப்பானது. நிலம் அதிரும்போது பக்கவாட்டு விசையில் பெரும்பகுதி அதன் மேல்தான் விழும். பொறியாளர் இதைக் கணக்கிட்டே வடிவமைக்க வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. தரைக்கு அடியில் காற்று ஓடுவதால் மார்கழி, தை மாதங்களில் தரை சில்லிடும் என்பது சின்னக் குறை. அடியில் கிடக்கும் இடத்தை அனுமதியில்லாமல் சுவர் வைத்து அடைத்து அறையாக்கும் ஆசை பெரிய குறை.

என் தேர்வு நான்காவது: சாலைமட்டத்தில் முழுத்தளம், அதன் கீழே பள்ளத்தாக்குப் பக்கத்தில் மட்டும் அரைத்தளம். கீழ்த்தளத்தை முழு ஆழத்துக்குக் கொண்டுபோனால் பின்சுவரில் 2.25 மீட்டர் மண்ணை வெட்ட வேண்டும். முன்பாதியான 4.5 மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் 1.1 மீட்டர் போதும். வெட்டும் ஆழம் பாதியாகும்போது சுவரின் மேலான தள்ளுவிசையும் கால்பங்காகிறது, வெட்டும் மண்ணும் 90 கனமீட்டரிலிருந்து 23 கனமீட்டராகக் குறைகிறது. இதற்காக இழப்பது சுமார் 435 சதுர அடி. அதுவும் மலையை ஒட்டிய, ஜன்னல் வைக்க முடியாத இருட்டுப் பகுதி. மிச்சமிருக்கும் பரப்பே சுமார் 1,300 சதுர அடி வரும். தூண் நீள வேறுபாடு இதிலும் உண்டு. கீழ்த்தளச் சுவர்கள் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கைச் சுமக்கும் என்பதால், காட்சிக்காக முன்பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்கிவிடக் கூடாது.

மேல்தளத்தில் ஹால், சமையலறை, பெரியவர்களின் அறை, அதை ஒட்டிக் குளியலறை. கீழ்த்தளத்தில் மற்ற இரு படுக்கையறைகள். நடுவே இருபது படிகள், அவற்றைத் தினமும் ஏறி இறங்குபவர்கள் இளையவர்கள் மட்டும். நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ; அரிசி மூட்டையும் அதுவும் சாலையிலிருந்து நேராகச் சமையலறைக்குப் போகும். கீழ்க் குளியலறை மேலதற்கு நேர் கீழே வரட்டும், செப்டிக் டேங்க் அதற்கும் கீழே, கீழ்த்தடுப்புச் சுவர்களிலிருந்து தள்ளி அமையட்டும். சாலையின் மழைநீர் வாசலுக்குள் பாயாமல் இருக்க, வாசலுக்கு முன் இரும்புச் சட்டம் மூடிய குறுக்குக் கால்வாய் கட்டாயம்.

சரிவு தெற்கு நோக்கியிருந்தால் மார்கழி வெயில் கீழறைகளுக்குள்ளும் நுழையும். வடக்கு நோக்கியிருந்தால் அந்த ஜன்னல்கள் அக்காலத்தில் நேர்வெயிலே காணாது. அப்போது பெரியவர்களின் அறையைச் சாலைப்பக்கத்துக்கு மாற்றுவது நல்லது. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இரண்டு தளத்துக்கு 6 மீட்டர் போனால் கூரைச் சாய்வுக்கு ஒரு மீட்டர்தான் மிஞ்சும். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளக்கிறார்கள் என்பதை வரைபடம் போடும் முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாலை மேலே இல்லாமல் கீழே இருந்தால் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. அங்கே சாலைமட்டத் தளம்தான் மலையைக் குடைந்து உட்காருகிறது. சமையலறையும் பெரியவர்களின் அறையும் அப்போதும் அதே தளத்தில்தான், ஆனால் அவை முன்பக்கச் சுவரை ஒட்டி வர வேண்டும். மலைப்பக்கச் சுவருக்கு மாடிப்படியையும் சாமான் அறையையும் தள்ளிவிட்டு, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் வடியத் துளைகளும், அந்த நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றும் கால்வாயும் விட வேண்டும். மாடியின் பின்கதவு அங்கே நேராகத் தோட்டத்தில் திறக்கும்.