பழைய எஸ்-விடிஆரை ஓட்டறதா, புது விடிஆர் பூட்டறதா?

போன வாரம் பட்டர்வொர்த்ல ஒரு மாமாக் கடையில தே ஓ குடிச்சிட்டு இருக்கும்போது தெரிஞ்ச தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணே, எங்க கப்பல்ல எஸ்-விடிஆர் போர்டு போயிருச்சு, அதையே ரிப்பேர் பண்ணி ஓட்டலாமா, இல்ல மொத்தமா புதுசு பூட்டிடலாமா?"ன்னு. விடிஆர்னா கப்பல்ல நடக்கறதைப் பதிஞ்சு வைக்கற கறுப்புப் பெட்டி, எஸ்-விடிஆர் அதோட எளிய வகை. வருஷா வருஷம் இந்தப் பெட்டிங்கள டெஸ்ட் பண்றதுதான் என் பொழப்பு, அதனால எனக்குத் தெரிஞ்சத எழுதறேன்.

கறுப்புப் பெட்டின்னு பேருதான், நிறம் என்னவோ ஆரஞ்சு. 2002 ஜூலை 1லேர்ந்து கட்டின 3000 கிராஸ் டன்னுக்கு மேல உள்ள சரக்குக் கப்பலுக்கு முழு விடிஆர் கட்டாயம், அதுக்கு முந்தின கிழட்டுக் கப்பலுங்களுக்கு கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக் குடுத்ததுதான் எஸ்-விடிஆர். இடம், வேகம், திசை, பிரிட்ஜ் (கப்பலை ஓட்டற அறை) பேச்சு, விஎச்எஃப் ரேடியோ பேச்சு, ரேடார் படம், ரேடார் எடுக்க வழியில்லன்னா ஏஐஎஸ் (பக்கத்துக் கப்பலுங்க ரேடியோவுல அனுப்பற இடம், வேகத் தகவல்), அவ்வளவுதான். சுக்கான் எவ்வளவு திரும்புச்சு, எஞ்சினுக்கு என்ன ஆர்டர் போச்சு, கதவு மூடியிருந்துச்சா, இதெல்லாம் சிக்னல் ரெடியா வந்தா எழுதும், வரலன்னா கிடையாது.

ஆனா நான் பெரிய வித்தியாசமா பாக்கறது மணிக்கணக்குதான். பழசுல விதிப்படி குறைஞ்சது 12 மணி நேரம் இருந்தாப் போதும், பெட்டி நிறைஞ்சா பழைய பதிவு மேலயே புதுசை எழுதிக்கும். ஒரு தடவை ரெண்டு கப்பல் லேசா உரசிக்கிச்சு, சேவ் பட்டனை யாரும் அமுக்கல, போனும் பேப்பருமா ஆளாளுக்கு ஓடிட்டு இருந்தாங்க, நான் மறுநாள் ஏறிப் பாத்தா உரசல் நேரமே இல்ல, நங்கூரம் போட்டு சும்மா நின்ன கதைதான் 12 மணி நேரமும். 2014 ஜூலைக்கு அப்புறம் வந்த விதிப்படி கேப்சூல்ல (விபத்துலயும் பதிவைக் காப்பாத்தற கூடு) 48 மணி நேரம், உள்ள இருக்கற யூனிட்ல 30 நாள். மனுஷன் பதட்டத்துல மறந்தாலும் பெட்டி மறக்காது.

அடுத்தது கேப்சூல். எஸ்-விடிஆர்ல டெக்ல போல்ட் போட்டது, இல்ல மிதந்து வர்றது, ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். 2015 அக்டோபர் 1 எல் ஃபாரோங்கற அமெரிக்க சரக்குக் கப்பல் பஹாமாஸ் பக்கம் புயல்ல மூழ்கி 33 பேர் போனாங்களே, அதுல இருந்தது போல்ட் போட்ட வகை எஸ்-விடிஆர். பிங்கர் (தண்ணிக்கடியில சத்தம் விட்டு இடத்தைக் காட்டற கருவி) சத்தம் கேக்கல, சோனார் வச்சு கப்பலைக் கண்டுபுடிச்சாலும் பிரிட்ஜ் பாகம் பிஞ்சு தனியா கிடந்துச்சு, சுமார் 4600 மீட்டர் ஆழத்துலேர்ந்து கேப்சூலை எடுக்க 2016 ஆகஸ்ட் ஆயிருச்சு. எடுத்தப்புறம் 26 மணி நேர ஆடியோ நல்லா கேட்டுச்சு, அந்தப் பெட்டிக்கு ஒரு சலாம். புது விதியில ரெண்டு கேப்சூலும் வேணும், மிதக்கறது 7 நாள் காலத்துல குறைஞ்சது 48 மணி நேரம் சிக்னல் விடணும், போல்ட் போட்டதுக்கு பிங்கர் 30 நாள் இருந்தது 90 நாளாச்சு. தீப்புடிச்சா 1100 டிகிரியில ஒரு மணி நேரம் தாங்கறதும் அந்த போல்ட் போட்டதுதான், அதனால மிதக்கறது இருக்கேன்னு இத விட்டுற முடியாது.

ரிப்பேருக்கு ஒரு நியாயம் இருக்கு: காசு. புதுசுன்னா பெட்டி விலையோட நிக்காது, பிரிட்ஜ் கூரையைப் பிரிச்சு வயர் இழுக்கணும், ரெண்டு ரேடார், இசிடிஸ் (கம்ப்யூட்டர் கடல் வரைபடம்), எல்லாத்தையும் கோக்கணும், அதுக்குள்ள கப்பல் கிளம்பற நேரம் வந்துரும். ரெண்டு வருஷத்துல உடைக்கப் போற கப்பல்னா நானே ரிப்பேர்தான் சொல்லுவேன். தம்பியோட கப்பல் இன்னும் ரொம்ப நாள் ஓடும், அதனால புதுசுன்னுட்டேன்.

எதப் பூட்டினாலும் மைக்கைப் பாருங்க லா. ஒரு கப்பல்ல ஏர்கான் வாய்க்கு நேர் கீழ மைக், ஒன் டூ த்ரீ சொல்லி பிளே பண்ணா புஸ்ஸுன்னு காத்துதான், பத்து வருஷம் அப்படியே ஓடியிருக்கு. புது விதியில பிரிட்ஜ் விங் (பிரிட்ஜோட ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு இருக்கற இடம்) மைக்குக்கு தனி சேனல் வேணும், ஆனா உள்ள மைக்கை எங்க மாட்டறதுன்னு ஏணி போட்டு ஏறிப் பாக்கறது நம்மாளு வேலைதான். தம்பிகிட்ட கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி கூரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன், இன்னும் வரல.