காப்பர் என்று விற்ற வேரியாக்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய வால்வு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர்களுக்கும், கல்லூரி லேபுக்குச் சாமான் வாங்குபவர்களுக்கும் இந்தப் பதிவு. சென்னையில் ஒரு கடையில் 10 ஆம்பியர் வேரியாக் வாங்கினேன். குமிழைத் திருப்பி மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அது. டிம்மர்ஸ்டாட் என்று கேட்டால்தான் பல கடைகளில் எடுத்துத் தருவார்கள், அதேதான். பெட்டியில் "முழு காப்பர் வைண்டிங்" என்று அச்சடித்திருந்தது, கடைக்காரரும் அதையே சொன்னார். உள்ளே இருந்தது செம்புத் தோல் போர்த்திய அலுமினியக் கம்பி.

வெறும் பண நஷ்டம் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். இந்தப் பொருளில் அந்த ஒரு பொய் அப்படியே நிற்பதில்லை, வரிசையாக மற்றக் கோளாறுகளையும் இழுத்து வருகிறது.

வேரியாக்கின் அமைப்பு எளிது. வளையமான இரும்புக் கோர், அதன்மேல் ஒரே அடுக்காகச் சுற்றிய கம்பி. மேற்பக்கம் எனாமலை (கம்பியின் காப்புப் பூச்சை) தேய்த்து எடுத்துவிட்டு, அந்தப் பாதையில் ஒரு கார்பன் பிரஷ் ஓடும். குமிழைத் திருப்பினால் பிரஷ் எந்தச் சுற்றில் நிற்கிறதோ அந்த வோல்டேஜ் வெளியே வரும். ஒரே அடுக்குதான் என்பதால் வளையத்தின் உள்சுற்றளவில் எத்தனை கம்பி நெருக்கமாக நிற்குமோ அத்தனைதான் சுற்ற முடியும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட சுமார் 60 சதவீதம் அதிகம். அதே ஆம்பியரைத் தாங்க வேண்டுமானால் கம்பி தடிமனாக வேண்டும். தடிமனானால் சுற்று குறையும். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

என்னிடம் வந்ததன் கோர் குறுக்குப் பரப்பு சுமார் 30 சதுர செ.மீ. 50 ஹெர்ட்ஸில், கோரின் காந்தச் செறிவு 1.5 டெஸ்லாவைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 வோல்ட்தான் வரலாம். 230 வோல்ட்டுக்கு 230 சுற்று வேண்டும். பாதை வெளியே தெரிவதால் எண்ணிப் பார்க்க முடியும். எண்ணினேன்: 230 வோல்ட் முனை வரை 180 சுற்றுதான். அப்படியானால் சுற்றுக்கு 1.28 வோல்ட், கோரில் 1.9 டெஸ்லா. டிரான்ஸ்ஃபார்மர் கோருக்கென்றே செய்யும் நல்ல சி.ஆர்.ஜி.ஓ. சிலிக்கான் இரும்புத் தகடுகூட 2 டெஸ்லாவை ஒட்டி நிறைந்துவிடும், அதற்குமேல் காந்தம் ஏறாது, கரன்ட்தான் ஏறும். இரவில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 250-க்கு ஏறும்போது இது உறுமியதற்குக் காரணம் இதுதான். எந்த லோடும் இல்லாமலே, கம்பியைக் கவ்விக் கரன்ட் அளக்கும் டாங் டெஸ்டர் ஓர் ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஒழுங்காகச் செய்த வளையக் கோரில் இது சில நூறு மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது பிரஷ். அது எப்போதும் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளைச் சேர்த்தே தொடும், அதாவது ஒரு சுற்றை ஷார்ட் செய்துகொண்டே நகரும். அந்த ஷார்ட் கரன்ட்டை அடக்குவது கார்பனின் மின்தடைதான். வடிவமைப்பவர்கள் பிரஷ் கார்பனை அதற்காகவே பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சுற்றுக்கு வோல்டேஜ் கூடினால் பிரஷ் சூடாகும். அதோடு, செம்புத் தோல் மெல்லியது. பிரஷ் தேய்த்துத் தேய்த்து அது போனதும் அலுமினியம் வெளியே வருகிறது. அலுமினியத்தின் மேல் உடனே படியும் ஆக்சைடு மின்சாரம் கடத்தாது. என் வேரியாக்கில் பாதை முதலில் செம்பு நிறமாக இருந்தது. பிறகு பிரஷ் அதிகம் நிற்கும் இடங்களில் சாம்பல் நிறமானது. அப்புறம் பொறி, கருகல் வாடை.

கடைக்குப் போன் செய்தேன். "லோடு அதிகம் போட்டிருப்பீங்க சார், பிரஷ் மாத்தினா சரியாயிடும்" என்று ஒரு பிரஷ் அனுப்பினார்கள். அது மோட்டார் பிரஷ்ஷை அளவுக்குத் தேய்த்தது. மோட்டாரில் சில இடங்களில் செம்புத்தூள் கலந்த, தடை குறைந்த பிரஷ் போடுவார்கள். அதை இங்கே போட்டால் ஷார்ட் கரன்ட் இன்னும் கூடும். போட்ட அன்றே இரண்டு சுற்று கருகிவிட்டது. முனைக் கம்பியை அரத்தால் தேய்த்துப் பார்த்தபோதுதான் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. போட்டோ அனுப்பினேன், அதற்குப் பதிலே இல்லை.

அலுமினியமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. தெருவோரக் கம்பத்தில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களிலேயே அலுமினிய வைண்டிங் உண்டு, அவை ஒழுங்காக ஓடுகின்றன. அங்கே கம்பியின்மேல் பிரஷ் ஓடுவதில்லை. அலுமினியம் என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றிருந்தால் எனக்கு வழக்கே இல்லை.

பணத்தைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். "இது ஐசோலேட்டட் சார், ஷாக் அடிக்காது" என்றும் அந்தக் கடையில் சொன்னார்கள். அதாவது அவுட்புட்டுக்கும் மெயின்ஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்கிறார்கள். சுத்தப் பொய். வேரியாக்கில் இருப்பது ஒரே வைண்டிங், உள்வருவதும் வெளிபோவதும் ஒரே கம்பி. மல்டிமீட்டரை வைத்து இன்புட் நியூட்ரலுக்கும் அவுட்புட்டின் ஒரு முனைக்கும் பாருங்கள், நேரடித் தொடர்பு காட்டும். பிளக் மாறிச் செருகப்பட்டு லைவும் நியூட்ரலும் இடம் மாறினால், குமிழ் பூஜ்யத்தில் இருந்தாலும் அவுட்புட்டின் இரண்டு முனையிலும் பூமிக்கு 230 வோல்ட் நிற்கும். பழைய ஏ.சி./டி.சி. ரேடியோக்களில் சேஸிஸே (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமே) மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். அந்தப் பேச்சை நம்பி ஒரு பையன் சேஸிஸில் கை வைத்தால் என்ன ஆகும்? தனி ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

"50 வோல்ட்டில் வைத்தால் 40 ஆம்பியர் எடுக்கலாம்" என்றும் ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். கம்பிக்கும் பிரஷ்ஷுக்கும் 10 ஆம்பியர்தான் எல்லை, குமிழ் எங்கே இருந்தாலும்.

வாங்கப் போகிறவர்கள் எடையை நம்ப வேண்டாம். எடையில் பெரும்பங்கு கோர்தான், கம்பி மாறியது கையில் தெரியாது. மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். முனைக் கம்பியை ஓர் ஓரத்தில் அரம் போட்டுப் பாருங்கள். சாலிடர் செய்யாமல் வெறுமனே கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடித்து) விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், அலுமினியத்தில் சாதாரண சாலிடர் ஒட்டாது. கடையிலேயே லோடு இல்லாமல் ஓடவிட்டு டாங் டெஸ்டரில் கரன்ட்டைப் பாருங்கள். பிரஷ் பக்கம் ஃபியூஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், என்னுடையதில் இல்லை. பில்லில் "காப்பர் வைண்டிங்" என்று எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த பில்லில் "வேரியாக் 1" என்று மட்டும் இருக்கிறது, இப்போது கடைக்காரர் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாதையைப் பாருங்கள். சாம்பல் திட்டுகள் தெரிந்தால் ஓடவிடாமல் எடுத்து வையுங்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்குத் தேவைப்படும்.