கடன் அடைக்கும் வீட்டுக்கு எந்தக் கணக்கு? வன்னியில் கிடைக்கும் வழிகளின் ஒப்பீடு

வட இலங்கையின் வன்னியில் கடன் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தத் தொகைக்குள் வேலை முடியாமல் கூரைக்கும் கதவுக்கும் கடன்பட்டவர்கள் பலர். அதற்குப் பின்னால் குழுக்கடன் வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் வந்தது, 2022இன் விலையேற்றத்தில் இருந்த நகையும் அடகுக்குப் போனது. இத்தகைய வீடுகளில், கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினால் கடனைச் சமாளிக்க முடியுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதற்கான பதில், எந்த வங்கி அதிக வட்டி தருகிறது என்பதில் இல்லை. சேமிப்புக் கணக்கின் வட்டி எங்கே வைத்தாலும் கடன் வட்டிக்குக் கிட்டவும் வராது. நெற்காசு வரும் காலமும் கடன் கேட்கும் காலமும் வேறு வேறாக இருக்கும் எங்கள் பகுதியில், அந்த இடைவெளியைத் தாங்கக்கூடிய கணக்கு எது என்பதே பார்க்க வேண்டியது.

இலண்டனில் இருக்கும் உறவினர்கள் ஒரு படிவத்தை நிரப்பி வங்கி மாறியதாகச் சொல்வார்கள். பிரித்தானியாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, ஏழு வேலை நாட்களுக்குள் சம்பள வரவையும் மாதாந்தக் கழிவுகளையும் புதிய வங்கியே இழுத்து எடுத்துக்கொள்கிறது. இங்கே அவ்வாறு இல்லை. சம்பளம் அனுப்பும் அலுவலகம், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவைக் கையாளும் பிரதேச செயலகம், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் தம்பி என ஒவ்வொருவருக்கும் புதிய கணக்கிலக்கத்தை நாமே கொடுக்க வேண்டும். ஆகவே வன்னியில் கணக்கு மாற்றுதல் என்பது, பெரும்பாலும் பழைய கணக்கை வைத்துக்கொண்டே இரண்டாவது ஒன்றைத் திறப்பதாகத்தான் அமைகிறது. என் கருத்தில் அதுவே சரியும்கூட.

முதல் வழி, கடன் தந்த வங்கியிலேயே எல்லாப் பணத்தையும் வைத்திருப்பது. அரச ஊழியர்களுக்கும் ஆடைத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் பெறுபவர்களுக்கும் இது பொருந்துகிறது. சம்பளம் விழுந்த அன்றே தவணை கழிபடுவதால் தாமதக் கட்டணம் இல்லை, கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் கறை படியாது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட அந்தப் பணியகத்தை எல்லோரும் ‘கிரிப்’ என்றே சொல்கிறோம். அங்கே பதியப்படும் ஒரு பிந்திய தவணை அடுத்த கடனுக்குத் தடையாக நிற்கும், பிணை நின்றவரின் பெயரையும் சேர்த்து இழுக்கும். ஆனால் நெல், கச்சான், கூலி என வருமானம் விட்டுவிட்டு வரும் வீட்டுக்கு இதே ஏற்பாடு ஆபத்தானது. கடன் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் நிலுவையை உங்கள் வேறு கணக்கிலிருந்தும் ஈடுசெய்யும் உரிமை வங்கிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். விதைநெல்லுக்கும் பசளைக்கும் என்று ஒதுக்கி வைத்த காசு, ஒரு தவணை பிந்தியதும் அதே வங்கியில் இருந்த காரணத்தால் கழிபட்டுவிட்டால், அடுத்த போகத்துக்கு வேறு இடத்தில் கூடிய வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டி வரும்.

இரண்டாவது வழி, கடனுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு வங்கியில் கணக்கு வைத்திருப்பது. இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நகரங்களில் கிளைகள் உண்டு. ஏ.ரி.எம். அட்டையும் கிடைக்கும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ நெடுங்கேணிக்கு அப்பாலோ இருப்பவருக்கு வங்கிக்குப் போய்வருவதில் அரை நாள் கூலி போய்விடும் என்பதால், பக்கத்து ஊரில் கிளை எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேசிய சேமிப்பு வங்கி இந்த இடத்தில் தனித்து நிற்கிறது. அதன் சேமிப்புப் புத்தகத்தைத் தபாலகங்களிலும் உப தபாலகங்களிலும் பயன்படுத்த வழி உண்டு. அதிலுள்ள வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழுமையான உத்தரவாதமும் இருக்கிறது. ஏனைய உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி, ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபா வரைதான். எங்களில் அநேகரின் சேமிப்பு அந்த எல்லையைத் தொடாது என்றாலும், காணி விற்ற காசை வைத்திருப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

தவணைக் காசைத் தேசிய சேமிப்பு வங்கியின் புத்தகத்தில் வைப்பதையே நான் விரும்புகிறேன். அட்டை கையில் இருந்தால் ஏ.ரி.எம். கண்ட இடத்தில் காசு கரையும். புத்தகத்தைக் கொண்டுபோய் வரிசையில் நின்று எடுக்க வேண்டுமென்றால், அந்தச் சிரமமே பணத்துக்குக் காவல். வட்டியைப் பற்றி ஒரு சிறு விடயம்: 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் வங்கியில் பிரகடனம் ஒன்றைக் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, ஊரிலேயே இயங்கும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியும். இவற்றுக்கு வைப்புக் காப்புறுதி கிடையாது. நிர்வாகம் நேர்மையாக இருக்கும் வரைதான் பணமும் பத்திரமாக இருக்கும். அப்படியிருந்தும் இவற்றை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நெல் விற்கும் வரை தவணையைத் தள்ளிக் கேட்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் நின்றது என்பது சங்கத்தின் தலைவருக்கும் தெரியும். ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, கணக்காய்வு அறிக்கை வாசிக்கப்படுகிறதா என்பதை விசாரித்த பின்னர், இழந்தால் வீடு சாயாத அளவுத் தொகையை இங்கே வைக்கலாம், சிறு கடனையும் இங்கே எடுக்கலாம்.

சீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிடிப்பவர் நம்பிக்கையானவராக இருந்தால் கட்டாயச் சேமிப்பு, இல்லாவிட்டால் முழு இழப்பு. கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீடு, கழிவு கொடுத்துச் சீட்டை முன்கூட்டியே எடுப்பதும் ஒருவகை வட்டிக் கடன்தான் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நகையின் நிலை வேறு. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவர்கள் பலரிடம் உடுத்த உடுப்போடு மிஞ்சியது காதிலும் கழுத்திலும் இருந்ததுதான். அக்காலத்தில் கைவிட்டுப்போன நகைகளும் உண்டு. போரின் பின்னர் மீட்கப்பட்ட தங்கத்தை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான். ஆகவே வன்னியில் ஒரு தாய் வங்கிப் புத்தகத்தைவிட இரண்டு பவுணை நம்புகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. கடன் என்ற அளவிலும் வங்கி அடகு குழுக்கடனைவிட மலிவானது. அதில் இருக்கும் ஆபத்து, தங்கத்தின் விலை ஏறும்போது வருகிறது. தவணை முடிந்து புதுப்பிக்கப் போனால், அதே நகைக்குக் கூடுதலான காசு தர வங்கி தயாராக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவருக்குக் கடன் கூடியது தெரிவதில்லை, கையில் காசு வந்தது மட்டுமே தெரிகிறது. வட்டியைக் கட்டி, கடனின் முதல்தொகையில் ஒரு சிறு பகுதியையாவது குறைத்துப் புதுப்பிப்பவரே நகையை மீட்கிறார்.

இவை அனைத்தையும்விட விரிவாகப் பார்க்க வேண்டியது கிழமைக் கடன், அதாவது நுண்கடன் நிறுவனங்கள் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்துக் கிழமைதோறும் அறவிடும் குழுக்கடன். சந்திப்பு நடக்கும் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். அறவிடும் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து அட்டைகளை வாங்குவார். ஒருவர் காசு கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது, அவருடைய தவணையைச் சேர்த்துப் போட்ட பிறகே கலையலாம். அந்த வெட்கத்துக்குப் பயந்து, வேறு நிறுவனத்தில் எடுத்து இங்கே கட்டுவதுதான் கடன் பெருகும் வழி. 2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் ஒரு இலட்சம் ரூபா வரை பெற்றுக் கட்ட முடியாமல் போன நுண்கடன்களை நீக்கியது. வன்னி மாவட்டங்களும் அதில் அடங்கின. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய வங்கி, தன் உரிமம் பெற்ற நிறுவனங்களின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற உச்ச வரம்பை விதித்தது. உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவர்கள் அந்த வரம்பைப் பார்ப்பதில்லை.

வட்டியை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 2,500 ரூபா வீதம் 50 கிழமை கட்டினால் மொத்தம் 125,000. இதை 25 சதவீத வட்டி என்பார்கள். ஆனால் முதலாவது கிழமையிலிருந்தே கடனின் முதல்தொகை குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 47 சதவீதம். அதே 100,000 ரூபாவை ஒரு வங்கி 15 சதவீதத்துக்குக் குறைந்துசெல்லும் மீதியில் ஓராண்டுக்குத் தந்தால், மாதத் தவணை ஏறத்தாழ 9,025 ரூபா, வட்டி மொத்தம் 8,300 ரூபா அளவில் முடிந்துவிடும்.

அப்படியானால் நகையை வங்கியில் வைத்துக் கிழமைக் கடனை இன்றே முடித்துவிடலாமா? மேற்சொன்ன கடனில் 26 கிழமை மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டிய தவணைகளின் கூட்டுத்தொகை 65,000 ரூபா. முன்கூட்டி முடித்தால் வராத வட்டியைக் கழித்து 57,600 ரூபாவுக்கு நிறுவனம் சம்மதித்தால், அந்தத் தொகைக்கு ஆறு மாத அடகு வட்டி 15 சதவீதத்தில் 4,300 ரூபா அளவில் வரும், 3,000 ரூபா அளவில் மிஞ்சும். 65,000 ரூபாவையும் தா என்றால், அடகு வட்டி 4,875 ரூபா வீண்செலவு. ஆகவே நகைப்பெட்டியைத் திறக்க முன்னர், முடிப்புத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். அதோடு, கிழமைக் கடன் முடிந்த பிறகும் அந்த 2,500 ரூபாவைக் கிழமை தவறாமல் புத்தகத்தில் போடாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

இனி வரவுசெலவு. மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதும் முறை சம்பளக்காரருக்கானது. கூலிக் காசைக் கிழமைக்குக் கிழமை பார்ப்பது இயல்பாக எல்லோரும் செய்வது. இவற்றோடு ஒப்பிடுகையில், போகத்தை அலகாகக் கொண்டு கணக்கிடும் முறையே வயல் செய்யும் வீட்டுக்குப் பொருத்தமானது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காலபோக (மழைக்காலப் போக) நெல்லை விற்று, உழவுக்கூலி, வெட்டுக்கூலி, பசளைக் கடன் எல்லாம் கொடுத்தபின் 120,000 ரூபா மிஞ்சுகிறது. கிழமைக் கடன் 26 கிழமைக்கு 65,000. லீசிங் மாதம் 9,000 வீதம் ஆறு மாதத்துக்கு 54,000. இரண்டும் சேர்ந்து 119,000. நெல்லில் மிஞ்சிய காசு முழுவதும் அடுத்த ஆறு மாதத் தவணைக்கே சரி. இதை நெல் விற்ற அன்றே தெரிந்துகொண்டு, அந்தக் காசைத் தவணைக் கணக்கில் போட்டுவிட்டால், கூலியில் வரும் காசால் அடுப்பு எரியும். கையில் வைத்திருந்தால் சித்திரை வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் இடையில் அது போய்விடும். பிறகு கூலிக் காசு தவணைக்குப் போகும், அரிசியும் பருப்பும் கடைக் கொப்பியில் ஏறும்.

எதை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. வட்டி கூடியதை முதலில் முடிக்க வேண்டும் என்பது ஒன்று, தொகை சிறியதை முடித்து மனத்தென்பு பெற வேண்டும் என்பது மற்றது. எங்கள் வீடுகளில் கிழமைக் கடன் இரண்டிலுமே முதலாவதாக நிற்பதால், இந்த விவாதம் நீள வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கட்சியும் கவனிக்காத ஒன்று கடைக் கொப்பி. அதற்கு வட்டி இல்லை என்று கடைசிக்குத் தள்ளக்கூடாது. மழை விடாமல் பெய்து கூலி இல்லாத கார்த்திகையில் அரிசி தருவது அந்தக் கடைதான். மாதம் ஒரு தொகையைக் கொடுத்து அந்த வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். லீசிங் தவணையும் அப்படியே. அந்த மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவதென்றால், வட்டி எதுவாயினும் அது தவறக்கூடாது. கடன் முடியும் வரை சேமிப்பே வேண்டாம் என்று சொல்வோரோடும் நான் உடன்படவில்லை. திடீரென்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஒருவரைக் கொண்டு ஓடும் அளவுக்காவது காசு புத்தகத்தில் இல்லையென்றால், அந்த இரவே புதிய கடன் பிறக்கும்.

மாறுவதென்று முடிவு செய்தவர் புதிய கணக்கைத் திறந்து, முதலில் வெளிநாட்டுக் காசையும் நெற்காசையும் அங்கே திருப்ப வேண்டும். அஸ்வெசும விழும் கணக்கைக் கடைசி வரை அசைக்காமல் விடுவது நல்லது. அதன் இலக்கத்தை மாற்றும் அலைச்சலில் கொடுப்பனவு பிந்தினால், தாங்க முடியாதது அந்த வீடுதான். நிலையியற் கட்டளை (தவணையைத் தானாகக் கழித்து அனுப்பும் ஏற்பாடு) எதுவும் பழைய கணக்கில் மிஞ்சவில்லை என்று உறுதியான பிறகே அதை மூடலாம். கடைசித் தவணை கட்டிய நாளில் கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தையும் பிணைக்குக் கொடுத்த பத்திரங்களையும் கையோடு வாங்கி, பிணை நின்றவர்களுக்கும் கடிதத்தின் பிரதியைக் கொடுக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து கிரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.